சரக்கு வேனில் மகளோடு: செகிஞ்சான் சுற்றி மருத்துவமனைக்கு

இந்த வலைப்பூவில் நான் வழக்கமாக எழுதுவது சரக்கு வாங்கப் போன ஊர்களைப் பற்றி. மதுரையில் குத்துவிளக்கு எந்தத் தெருவில் மலிவு, பினாங்கில் எங்கே தங்கினால் வேன் நிறுத்த இடம் கிடைக்கும் என்கிற மாதிரி விஷயங்கள். இந்த முறை எழுதப்போவது என் சொந்த வட்டாரத்துக்குள் ஒரே நாளில் போய்வந்த பயணம். பத்தாங் பெர்ஜுந்தாயில் கிளம்பி, கோலா சிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான் என்று வடக்கே போய், அங்கிருந்து திரும்பி, சுங்கை பூலோ பக்கம் இருக்கும் பெரிய அரசாங்க மருத்துவமனையில் முடிந்தது. வீடு திரும்பியதையும் சேர்த்தால் நூற்று எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டீசல் அறுபது வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) போட்டேன், மிச்சம் இருந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் ஷாலினிக்கு இருபத்தொன்பது வயது. புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. சில வாரங்களுக்கு முன் அவள் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோயா இல்லையா என்று சொல்ல, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு வரச் சொன்னார்கள்.

இதை வெளியில் எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்கப்பா. ஆனா மார்புன்னே எழுதுங்க. ஒடம்புல ஒரு கட்டின்னு எழுதுனா படிக்கிறவங்க ஆளுக்கொரு எடத்துல தேடுவாங்க" என்றாள். ஆகவே மார்பு என்றே எழுதுகிறேன். மற்றவர்களின் பெயர்களை, அவர்கள் கேட்டுக்கொண்டபடி, மாற்றியிருக்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு: நான் பூசைச் சாமான் மொத்த வியாபாரி. மோட்டார் சைக்கிளில் ஊதுவத்தி விற்றுத் தொடங்கியவன். இப்போது சூடம், சாம்பிராணி, திரி, மஞ்சள், கல்யாண வரிசைத் தட்டு என்று ஒரு வேன் நிறைய ஏற்றிக்கொண்டு போகிறேன். செவ்வாய்க்கிழமை வடக்கே சரக்கு போடும் நாள். அன்று மட்டும் வேனை டிரைவரிடம் கொடுத்துவிட்டு மகளோடு வீட்டில் இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டு மணி வரைக்கும் சுவத்துக் கடிகாரத்தப் பாத்துக்கிட்டு உட்காரச் சொல்றீங்களா? நானும் வேன்ல வர்றேன். சரக்க போட்டுட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

என் மனைவியும் வருவதாகச் சொன்னாள். அதற்கும் ஷாலினி தலையாட்டவில்லை. "அம்மா வந்தா நான் அம்மாவத் தேத்திக்கிட்டே இருக்கணும். அப்பாவத் தேத்த வேணாம். அவரு மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டு இருப்பாரு."

உண்மைதான். கணக்கு ஏற்கனவே போட்டாகிவிட்டது. முடிவு எதுவாக இருந்தாலும் மறுநாள் காலை கோலாலம்பூரில் ஒரு தனியார் நிபுணரைப் பார்க்க, தெரிந்தவர் மூலமாக நேரம் வாங்கியிருந்தேன். பெரிய செலவு வந்தால் இரண்டாவது கடையை விற்றுவிடலாம் என்று ஏஜெண்டிடம் பேச்சும் கொடுத்திருந்தேன். இதையெல்லாம் மனைவியிடம் மட்டும் சொன்னேன். மகளிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். மனைவி கடை வாசலில் கைபேசியைப் பிடித்தபடி நின்றாள். பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கோலா சிலாங்கூருக்கு ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டங்கள். காலையில் பனி இறங்கியிருக்கும். பழக்குலை ஏற்றிய லோரிகள் முன்னால் போனால் முந்தவேண்டாம், வளைவுகள் மோசம். நான் முந்தவில்லை. ஷாலினி வழி முழுக்க வானொலி நிலையங்களை மாற்றிக்கொண்டே வந்தாள். எந்தப் பாட்டும் பாதிக்கு மேல் பாடவில்லை.

கோலா சிலாங்கூரில் தோசை சாப்பிட்டோம். இரண்டு பேருக்கும் பதினொரு வெள்ளி. பிறகு மாரிமுத்து கடை. பதினைந்து வருடமாக என்னிடம் சரக்கு எடுப்பவர். பூமாலையும் பூசைச் சாமானும் விற்கிறார். வேனின் பின்கதவைத் திறந்ததும், தஞ்சோங் காராங் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்காக நான் ஏற்றியிருந்த வரிசைத் தட்டுகள் அவர் கண்ணில் பட்டன. கண்ணாடித்தாள் சுற்றி ரிப்பன் கட்டிய தட்டுகள். முன்சீட்டில் ஷாலினி, வேலைநாளில், பச்சைப் பஞ்சாபி உடுப்பில்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். கல்யாண வயதில் இருக்கும் மகளோடு அப்பா காலையில் கிளம்பினால், எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் காரியம் தடைப்படும் என்று நம்பிக்கை. கேட்காமலே முடிவு கட்டிவிடுவார்கள்.

"என்னண்ணே, ஒரு வார்த்த சொல்லவே இல்ல" என்றார் மாரிமுத்து, தட்டுகளைப் பார்த்துக்கொண்டே.

"என்னத்தச் சொல்லணும்?"

"சரி சரி, நான் கேக்கல லா. முடிஞ்சதும் சொல்லுங்க. பாப்பா, மாலை நம்ம கடையிலதான். வேற எடத்துல வாங்குனா நான் வரமாட்டேன்."

"நீங்க வரலைன்னா மாலைய யாரு தூக்கிட்டு வர்றது அங்கிள்?" என்றாள் ஷாலினி.

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வியாபாரத்தில் எனக்குக் கைகொடுத்த பழக்கம் அது. வாங்க வந்தவர் தானாக ஒரு முடிவுக்கு வந்தால் குறுக்கே பேசக்கூடாது. அன்றைக்கு அதையே பிடித்துக்கொண்டேன். மருத்துவமனை என்று சொன்னால் மாலைக்குள் வடக்குக் கோடி சபாக் பெர்ணம் வரை செய்தி போய்விடும், நாளைக்கு இவளுக்கு வரன் பார்க்கும்போது யாராவது தோண்டி எடுப்பார்கள் என்று எண்ணம்.

வேனில் ஏறியதும் ஷாலினி கேட்டாள். "ஏம்ப்பா சொல்லல?"

"ஊரு பூரா பேசும்."

"இப்ப மட்டும் பேசாமலா இருக்கப் போவுது?"

பேசியது. எங்கள் வேனைவிட மாரிமுத்துவின் கைபேசி வேகமாகப் போயிருந்தது. தஞ்சோங் காராங் தாண்டி ஒரு தோட்டத்துச் சாலைக்குள் திரும்பினால், தொழிலாளர்களின் பழைய லய வீடுகள் இருந்த இடத்துக்கு முன்னால் பரமேஸ்வரி மளிகைக்கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயது தாண்டியவர். கல்யாணத் தட்டுகளைக் கொடுக்கவேண்டிய வீடும் அதற்குப் பின்னால்தான். இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இவரைத் தெரியும். சில வருடங்களுக்கு முன் கடையை மூன்று மாதம் பூட்டிவிட்டு இந்தியாவுக்குக் கோயில் சுற்றப் போனவர். அவர் சொல்லக் கேட்டுத்தான் பழனி, திருச்செந்தூர் விடுதி வாடகையெல்லாம் இங்கே எழுதினேன். நிறையப் பேர் படித்த பதிவு அது.

பரமேஸ்வரி வாசலிலேயே காத்திருந்தார். கையில் மல்லிகைச் சரம். "வா கண்ணு. மாரிமுத்து சொன்னாரு. பையன் என்ன வேலை? நம்ம தோட்டத்துக்காரனா, டவுனா? மாமியார்க்காரி எப்படி?"

"மாமியார் இன்னும் கெடைக்கல ஆன்ட்டி" என்றாள் ஷாலினி.

பரமேஸ்வரி சிரித்துக்கொண்டே பூவை அவள் தலையில் வைத்தார். வைத்த கையோடு இழுத்து இறுக்கி அணைத்தார். ஷாலினி முகம் சுளித்துப் பின்வாங்கினாள்.

"என்னா கண்ணு, எங்கயாச்சும் பட்டுருச்சா?"

ஷாலினி என்னைப் பார்த்தாள். நான் சூடப் பெட்டியை எண்ணுவதுபோல் நின்றேன். அவளே சொன்னாள். "ஊசி போட்ட எடம் ஆன்ட்டி, இன்னும் கன்னிப் போயிருக்கு. மார்புல கட்டி. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க. மாப்பிள்ளை எல்லாம் ஒண்ணும் இல்ல. ரெண்டரைக்கு ரிசல்ட்."

பரமேஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, சரக்க எறக்குங்க."

"எறக்கியாச்சும்மா."

"அப்ப திரும்ப ஏத்தி எறக்குங்க. பொம்பளைங்க பேசணும்."

இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் தட்டுகளைக் கல்யாண வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். கதவு திறக்கவில்லை. வேனின் பின்பக்கத்தைக் கூட்டினேன். டயரில் காற்றைப் பார்த்தேன். கடைக்கு வந்த இரண்டு பேருக்கு நானே முட்டையும் மைலோவும் எடுத்துக் கொடுத்துக் காசு வாங்கி வைத்தேன். அவர்கள் வெளியே வந்தபோது ஷாலினியின் கண் சிவந்திருந்தது. ஆனால் நடை மாறியிருந்தது. வேலைக்குப் போகும்போது நடக்கிற நடை.

செகிஞ்சானில் அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு கடை, சீனருடையது. ஊதுவத்தி போட்டுவிட்டு, மீன்பிடித் துறைக்குப் பக்கத்தில் மீன் உருண்டை போட்ட மீ (நூடுல்ஸ்) சூப் சாப்பிட்டோம். தலைக்கு ஒன்பது வெள்ளி. சுற்றுலா வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: வார இறுதியில் இந்த ஊருக்குள் வண்டி நகராது. வாரநாளில் வயல் முழுக்க உங்களுக்குத்தான். நாங்கள் போனபோது நெல் முழங்கால் உயரம், பச்சை கண்ணைக் கூசச் செய்தது. வயலோரம் வேனை நிறுத்தச் சொன்னாள் ஷாலினி.

"பரமேஸ் ஆன்ட்டி இந்தியாவுக்கே போகலப்பா."

எனக்குப் புரியவில்லை.

"அந்த மூணு மாசமும் ஆஸ்பத்திரியும் வீடுமாத்தான் இருந்திருக்காங்க. ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. இப்ப நல்லா இருக்காங்க. ஒங்ககிட்ட சொல்லலாம்னு சொன்னாங்க."

"பழனி விடுதி வாடகை?"

"அவங்க நாத்தனார் எப்பயோ போயிட்டு வந்ததாம்."

அவர் மறுபடி கடை திறந்த முதல் செவ்வாய்க்கிழமை, எனக்குப் பழனிப் பஞ்சாமிர்தம் இல்லையா என்று நான் கேட்டு மடக்கியது நினைவுக்கு வந்தது. தீர்ந்துபோச்சு அண்ணே என்றார். வாராவாரம் அந்த வாசலில் நின்று சரக்கு இறக்கியவன் நான். அவரும் குறுக்கே பேசாமல் இருந்துவிட்டார், என்னைப்போலவே. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அந்தப் பழைய பதிவில் விடுதி வாடகையை நீக்கிவிட்டேன். அதை நம்பிப் போய்க் கூடுதலாகக் கொடுத்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷாலினி இன்னும் முடிக்கவில்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு தனியார் டாக்டரப் பாக்க ஏற்பாடு பண்ணியிருக்கீங்க."

"யாரு சொன்னா?"

"அம்மா. கடைய விக்கப் போறதையும் சொன்னாங்க."

"கடை போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம்."

"வேணாம்பா. எதுவா இருந்தாலும் அரசாங்க ஆஸ்பத்திரியிலதான் வைத்தியம். நான் விசாரிச்சிட்டேன். பரமேஸ் ஆன்ட்டிக்கும் அங்கதான் பாத்திருக்காங்க. அப்புறம் இன்னொண்ணு. உள்ள நான் மட்டும்தான் போவேன்."

"நான் ஒன் அப்பா."

"அதனாலதான். நீங்க பக்கத்துல உட்கார்ந்தா டாக்டர் ஒங்களப் பாத்துப் பேசுவாங்க. நீங்களும் கேள்வி மேல கேள்வி கேட்டு பேரம் பேசுவீங்க. கட்டி எனக்குத்தான இருக்கு."

பதில் இருந்தது என்னிடம். நாலைந்து பதில்கள் இருந்தன. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேனைக் கிளப்பினேன். வயல் முடிகிற இடத்தில் தெரிந்தவருக்குக் கூப்பிட்டு, நாளைக்கு வாங்கிய நேரத்தை விட்டுவிடச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினேன், அவளுக்கும் கேட்கட்டும் என்று.

செகிஞ்சானிலிருந்து மருத்துவமனைக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். கோலா சிலாங்கூர் வந்து, இஜோக் வழியாகப் போகவேண்டும். ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், மழையென்றால் இரண்டு. நாங்கள் பன்னிரண்டுக்குக் கிளம்பி ஒன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வளாகத்துக்குள் இடம் தேடிச் சுற்றாமல் வெளியே தனியார் நிறுத்துமிடத்தில் ஐந்து வெள்ளி கொடுத்து வேனை விட்டேன். அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

பதிவு செய்து எண் வாங்கி உட்கார்ந்தோம். குளிர்சாதனம் எலும்பைத் தொட்டது. மூன்று மணிக்குமேல் அவள் எண் வந்தது. எழுந்தாள். கைப்பையை என் மடியில் வைத்தாள். பூச்சரத்தைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது எப்படி என்று எழுதத் தெரியவில்லை. அந்தக் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் தோட்டத்து ஆள் மாதிரி தெரிந்தது, காலில் செம்மண் ஒட்டிய சப்பாத்து. "யாருக்குங்க?" என்று கேட்டார். காலையிலிருந்து அப்படி நேராகக் கேட்ட முதல் ஆள்.

"மகளுக்கு. மார்புல கட்டி. இன்னைக்கு ரிசல்ட் சொல்றாங்க."

என் வாயால் அந்தச் சொல்லை வெளியாரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு ஒன்றும் இடிந்துவிழவில்லை.

"எனக்கு சம்சாரம்" என்றார். "மூணாவது மருந்து ஏத்துறாங்க. சாப்பாடே எறங்க மாட்டேங்குது அவளுக்கு. இந்தாங்க." கறிபாப் ஒன்றை, மசாலா அடைத்துப் பொரித்த பலகாரம், பிட்டுப் பாதியைக் கொடுத்தார். வாங்கித் தின்றேன்.

ஷாலினி வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"கேன்சர் இல்லப்பா."

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாதாரணக் கட்டியாம். எடுக்கத் தேவையில்ல. ஆறு மாசம் கழிச்சு திரும்ப ஸ்கேன் பண்ணி, வளந்திருக்கான்னு பாப்பாங்க."

"வளந்துருந்தா?"

"கேட்டுட்டேன். எடுத்துடுவாங்களாம்."

"வலி?"

"அதையும் கேட்டுட்டேன்." என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கதவைப் பார்த்து எழுந்திருக்கப் போனது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. "எல்லாத்தையும் கேட்டுட்டேன்பா. வாங்க, அம்மாவுக்குச் சொல்லலாம்."

கறிபாப் கொடுத்தவரிடம் சொல்லிக்கொண்டு எழுந்தேன். அவர் ஷாலினியைப் பார்த்து, "போயிட்டு வாம்மா" என்றார். பிறகு, "இல்ல, வராத" என்று திருத்திக்கொண்டார். அவரே முதலில் சிரித்தார்.

மனைவியிடம் பேசிவிட்டு வேனில் ஏறினோம். சீட்டில் போட்டிருந்த என் கைபேசியில் மாரிமுத்து. "அண்ணே, கேக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன். மாப்பிள்ளை வீட்ல என்ன சொன்னாங்க?"

இந்தத் தடவை குறுக்கே பேசினேன். "மாப்பிள்ளை பாக்கப் போகலப்பா. ஷாலினிக்கு மார்புல கட்டி. புற்றுநோயான்னு தெரிஞ்சுக்கப் போனோம். இல்லைன்னு சொல்லிட்டாங்க."

அவர் கடையை விட்டு வெளியே நடப்பது காதில் விழுந்தது.

"அண்ணே" என்றார் மெதுவாக. "என் தங்கச்சியும் ஒரு கட்டின்னு சொல்லிக்கிட்டு இருக்குது. ரெண்டு மாசமா. வேப்பிலை அரைச்சுப் போட்டுக்கிட்டு இருக்குது. அது எந்த ஆஸ்பத்திரி? எப்படிப் போறது? மொதல்ல எங்க போய் நிக்கணும்?"

ஷாலினி கைபேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். நான் வண்டி ஓட்டினேன். இஜோக் வரும்வரை அவள்தான் பேசினாள். அவள் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன். இந்தப் பதிவின் பயன் அவ்வளவுதான்.

நேரே பெரிய மருத்துவமனைக்குப் போய் நிற்கவேண்டாம். உங்கள் ஊர் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள், மைகார்டு என்கிற அடையாள அட்டை போதும். நாங்கள் கொடுத்தது ஒரு வெள்ளி. கட்டி இருக்கிறது என்று கவுண்டரிலேயே சொல்லுங்கள், பெண் டாக்டர் வேண்டுமென்றால் அதையும் கேளுங்கள். அங்கே பரிந்துரைக் கடிதம் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. கொடுக்கிற தேதியைத் தள்ளிப் போடாதீர்கள், கல்யாணம், திருவிழா எதுவானாலும். ஸ்கேனுக்குப் போகும்போது முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை வசதி. சதை எடுத்த பிறகு அன்றைக்குப் பாரம் தூக்கக்கூடாது, வண்டி ஓட்டவும் சிரமம், ஆகவே ஒரு ஆள் கூட வரட்டும். குளிருக்கு ஒரு ஜாக்கெட், பசிக்கு ஏதாவது, கைபேசிக்கு சார்ஜர். முடிவு சொல்லும்போது நோயின் பெயரைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்ததும் வாயில் வராது. வேப்பிலையும் எண்ணெயும் டாக்டரைப் பார்த்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்பாக்களுக்குத் தனியாக ஒன்று. கட்டி உங்கள் பிள்ளைக்கு. உள்ளே யார் வரவேண்டும் என்று அவர்களிடம் கேளுங்கள். வெளியே உட்காரச் சொன்னால் உட்காருங்கள். அங்கே நாற்காலி இருக்கிறது.

மாரிமுத்துவின் தங்கை மறுநாளே கிளினிக்குக்குப் போனார். போன செவ்வாய்க்கிழமை அவருக்கு ஸ்கேன். கூடப் போக ஷாலினி லீவு போட்டாள். என் வேனில் முன்சீட்டில் மூன்று பேர் உட்காரலாம். கோலா சிலாங்கூரில் கடை வாசலில் நிறுத்தியபோது, கடைமுன் ஐந்தடி நடைபாதையில் பக்கத்துக் கடைக்காரர் தினசரியை மடக்கி வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். வேன், தட்டுகள், நல்ல சேலையில் ஒரு பெண். எங்கே என்று கேட்கவில்லை, வழக்கப்படி.

மாலை கட்டுகிற நாரைக் கையில் பிடித்துக்கொண்டு, மாரிமுத்துவே அவரிடம் சொன்னார். "தங்கச்சிக்கு மார்புல கட்டி. ஸ்கேன் எடுக்கப் போறாங்க."